கை சுருங்கிய பச்சை ஸ்வெட்டர்

நேயர் கருத்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவர் மேசையிலும் நீல அட்டை போட்ட ஒரு கையேடு இருக்கும். நாற்பத்தாறு பக்கம். எழுதியவன் நான். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இன்னும் வீட்டில் பால் பொங்கி வழிந்தால், அது எந்தப் படிவத்தில் வரும் என்று என் மனம் தேடுகிறது. கையேட்டைப் படியுங்கள், நல்ல கையேடுதான். ஆனால் அதன் பதினேழாம் பக்கத்தை நான் எந்த லட்சணத்தில் திருத்த நேர்ந்தது என்பது அதில் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வேலை என்னவென்று உங்களுக்கு ஒரு வாரம் வகுப்பு எடுத்திருப்பார்கள். துபாயில் உட்கார்ந்துகொண்டு, வளைகுடா முழுக்க நம் அலைவரிசையைப் பார்க்கும் தமிழர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, அதை ஆங்கிலத்தில் சுருக்கி, படிக்க நேரமில்லாதவர்களுக்கு அனுப்புவது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் படம் போட்டுக் காட்டியது.

அந்த பிரிட்டிஷ் துப்பறியும் தொடரைத் திரையின் அடியில் தமிழ் வசன வரிகளோடு ஒளிபரப்பத் தொடங்கியபோது, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று மேலிடம் உறுதியாக நம்பியது. நானும் நம்பினேன். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். எப்போதும் மழை. தலை சீவ நேரமில்லாத ஒரு பெண் இன்ஸ்பெக்டர். ஒரு கிழவர் கொலையாகிறார், யார் செய்தது என்று ஆறு வாரம் தேடுகிறார்கள். வாரம் ஒரு பாகம். நம் நெடுந்தொடர்களில் ஆறு வாரம் என்பது ஒரு மாமியார் மாடிப்படி இறங்கி வரும் நேரம். அதற்குள் ஒரு கொலையைக் கண்டுபிடித்து முடிப்பதை நம் ஆட்கள் எப்படித் தாங்குவார்கள் என்று நினைத்தோம்.

முதல் பாகம் முடிந்த மறுநாள் காலை நம் வாட்ஸ்அப் எண் திணறிவிட்டது.

ஷார்ஜாவில் முவைலாவிலிருந்து ஒரு அம்மா பேசியிருந்தார்: "செத்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஒரு ஆள் வரலை. ஒரு தூக்குச் சட்டியில சாப்பாடு வரலை. புருஷன் செத்த அன்னிக்கே அந்தப் பொம்பளை போலீசுக்கு டீ போட்டுக் குடுக்குறா. அவளை ஏன் யாருமே சந்தேகப்படலை?"

கத்தாரில் ராஸ் லஃபானிலிருந்து ஒரு பொறியாளர் பதினோரு பக்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கடல் ஏற்றமும் இறக்கமும் அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று வரைபடம் போட்டு, உடல் அந்தப் பாறையில் ஒதுங்கியிருக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டு, மற்றபடி தொடர் நன்று என்று முடித்திருந்தார்.

அபுதாபியின் மேற்குக் கோடியில் ருவைஸில் ஒரு தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்தது எனக்கு மிகவும் பிடித்தது: "கொலைகாரனை மெதுவாப் பிடிங்க சார், அவசரம் இல்ல. மழை வர்ற இடத்தை மட்டும் வெட்டாமப் போடுங்க. இங்க வெளிய நாப்பத்தெட்டு டிகிரி."

வாழ்க்கையில் அப்படிச் சிரித்துக்கொண்டே நான் வேலை பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பில்தான் கால் வழுக்கியது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் லெபனானைச் சேர்ந்த ஒரு பெண்மணி. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அரபுப் பிரிவை நடத்தினார். அவரிடம் இருந்தது ஒரே விதி: எந்தக் குரல் செய்தியையும் கடைசி வரை கேள். ஏழு நிமிடம் நம் நிறுவனத்தின் மூதாதையர்வரை திட்டிய ஒருவரை அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். ஏழாவது நிமிடத்தில் அந்த ஆள் தன் டிவியில் சத்தம் வரவில்லை என்றார். அதை மட்டும் எழுதிக்கொண்டு, "கலாஸ்", முடிந்தது, என்று காபி குடிக்கப் போனார் அம்மையார். அந்த விதியைக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டேன். போட்டுவிட்டதோடு அதைப் பின்பற்றும் கடமை எனக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

இரண்டாம் பாகம் ஓடிய மறுநாள், புதன்கிழமை, அதே ருவைஸ் கேம்ப்பிலிருந்து நான்கு நிமிடக் குரல் செய்தி ஒன்று வந்தது.

"வணக்கம் சார். பேரு செல்வராசு. ஊரு பெரம்பலூர் மாவட்டம். கொலை பண்ணது அந்த சர்ச்சுல ஆர்கன் பொட்டி வாசிக்கிறவருதான், வேற யாரும் இல்ல. அவரு போட்டுருக்க பச்சை ஸ்வெட்டர்லதான் ரத்தம் பட்டுச்சு. அதைத் துவைச்சுட்டாரு. இன்ஸ்பெக்டர் அம்மாகிட்டச் சொல்லிருங்க சார். பாவம், அவங்க அந்த டாக்டர் பின்னாடியே அலையுறாங்க."

நாற்பது நொடி. நான் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் என் இழுப்பறையில் ஆறு பாகங்களின் கதைச்சுருக்கம் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. கொன்றவர் ஆர்கன் வாசிக்கும் சாதுவான மனிதர்தான். காட்டிக்கொடுப்பது அந்தப் பச்சை ஸ்வெட்டர்தான். அது வெளியாவது ஆறாவது வாரத்தில். முடிவு முன்கூட்டியே வெளியே கசிந்தால் அடுத்த தொடரைத் தரமாட்டோம் என்று தயாரித்தவர்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். நம் அலுவலகத்தில் முடிவு தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், ஒப்பந்த விதிகளைக் காவல் காக்கும் டெல்லிக்காரர் மல்ஹோத்ரா, தமிழ் வசன வரிகள் எழுதும் மைதிலி.

கையேடு, பக்கம் பதினேழு, கசிவுப் படிவம். நேயர் பெயர், தொலைபேசி, இருக்கும் இடம், சொந்த மாவட்டம். சொந்த மாவட்டம் எதற்கென்றால், எந்தப் பண்டிகைக்கு யாரை வாழ்த்துவது என்று விளம்பரக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமாம். மைதிலியின் பணிக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். சொந்த மாவட்டம், பெரம்பலூர்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான்கு பக்கம் அறிக்கை எழுதினேன். 'தொடர்பு' என்ற கட்டத்தில், இருவரும் ஒரே மாவட்டம் என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். இங்கே யாரைப் பார்த்தாலும் நாம் முதலில் கேட்பது 'ஊர்ல எங்க?' என்றுதானே? பதில் தெரிந்துவிட்டால் ஆளே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தலையை மட்டும் கலைத்து விட்டிருந்தால் அன்றைக்கு நானே அந்த இன்ஸ்பெக்டர்.

அறிக்கை மல்ஹோத்ராவிடம் போனது. திங்கட்கிழமை விசாரணை என்று மைதிலிக்குக் கடிதம் போனது.

மைதிலியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் கணவருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதனால் கணவர், மகள் இருவரின் விசாவும் மைதிலியின் பெயரில் மாற்றப்பட்டிருந்தது. மகள் பத்தாம் வகுப்பு. மைதிலிக்கு வேலை போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும், படிப்பு பாதியில் நிற்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடிக்கோடு போட்டேன். நடைமுறை என்று வந்துவிட்டால் நான் அவ்வளவு நேர்மையான மனிதன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் என் மேசைக்கு வந்தார்.

"நீங்கதான் எழுதுனீங்களா சார்?"

"விதிப்படி எழுதித்தானே ஆகணும் மைதிலி."

"பெரம்பலூர் மாவட்டத்துல லட்சக்கணக்குல ஆளுங்க இருக்கோம் சார். எல்லாருக்கும் போன் போட்டு நான் கதை சொல்லிட்டேனா?"

"அது சும்மா ஒரு குறிப்புதான்."

"அடிக்கோடு போட்ட குறிப்பு." கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "மல்ஹோத்ரா சாரும் நம்ம எம்.டி.யும் டெல்லியில ஒரே காலனி. அதுக்கு ஏதாச்சும் படிவம் வச்சிருக்கீங்களா?"

கையேட்டில் அதற்குப் படிவம் இல்லை.

"அந்த வாய்ஸை முழுசாக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

பொய். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வசன வரி எழுதுகிறவர்களிடம் பொய் சொல்லாதீர்கள். பேச்சுக்கும் முகத்துக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கணக்கிடுவதுதான் அவர்கள் வேலை.

கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பதாவது நொடியிலிருந்து கேட்டேன்.

"...எப்படிச் சொல்றேன்னா சார், நான் இங்க கேம்ப்புல லாண்டரி. ஒன்பது வருசம். தெனமும் வேலைக்குப் போடுற கவரால் உடுப்பு நூத்துக்கணக்குல துவைக்கிறவன். மொத பாகத்துல அந்த ஆளு பொட்டி வாசிக்கிறப்ப ஸ்வெட்டர் கை மணிக்கட்டைத் தாண்டி விரல் வரைக்கும் வருது. ரெண்டாம் பாகத்துல அதே ஸ்வெட்டர், கை மணிக்கட்டுக்கு மேல ஏறிக் கெடக்கு. கம்பளி எப்ப சுருங்கும்? வெந்நியில போட்டா சுருங்கும். வருசக்கணக்காப் போட்டுக்கிட்டு இருந்த ஸ்வெட்டரை அந்த வாரம் மட்டும் ஏன் வெந்நியில போட்டாரு? ரத்தக்கறைக்குப் பச்சத்தண்ணிதான் சார் ஊத்தணும். வெந்நி ஊத்துனா கறை உக்காந்துரும். துணி துவைச்சுப் பழக்கம் இல்லாத ஆளு, பதட்டத்துல ஊத்திட்டாரு..."

நான் எழுந்துவிட்டேன். செய்தி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நானோ அதற்குள் மல்ஹோத்ராவின் அறைக்குப் பாதி தூரம் போய்விட்டேன்.

மல்ஹோத்ரா பொறுமையாகக் கேட்டார். "அச்சா. ஆக, முடிவை மட்டும் இல்லை, அதற்கான காரணத்தையும் அந்தப் பெண் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்."

"இல்லை, அவர் லாண்டரிக்காரர். பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்."

"நானும் இரண்டு பாகத்தையும் பார்த்தேன் பாய். எந்தக் கையும் சுருங்கவில்லை. ஒரே ஒரு சலவையில் கம்பளி அவ்வளவு சுருங்குமா? ப்ரூஃப் கொண்டு வா. கதை கொண்டு வராதே."

பிறரிடம் நான் இருபது வருடமாகச் சொல்லிவந்த வாக்கியம் அது. அதைக் கேட்பது எவ்வளவு எரிச்சல் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போய் பீரோவைக் குடைந்தேன். என் மகளின் பட்டமளிப்புக்கு லண்டன் போனபோது வாங்கிய சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர் பூச்சி உருண்டைகளோடு உறங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க இப்ப ஸ்வெட்டர்?" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை ருவைஸ் போறேன்."

"ஜூலை மாசம். ருவைஸ்ல குளிருதாமா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "அந்த ஆளு கை குட்டையானதா? நானும் பாத்தேனே. வேற ஸ்வெட்டர் குடுத்துட்டாங்க போல, அளவு சரியில்லைன்னு நினைச்சேன்."

"பாத்தியா? ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

ஆறு நாட்டு நேயர்களின் கருத்தைக் கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன், பக்கத்து சோபாவில் உட்கார்ந்து பார்த்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

ஞாயிறு காலை முவைலாவில் என் வீட்டிலிருந்து கிளம்பி நான்கு மணி நேரம் ஓட்டினேன். செல்வராசுக்கு முன்பே போன் செய்திருந்தேன். டிவி கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் முதலில் அவர் பயந்துவிட்டார். பிறகு, இன்ஸ்பெக்டர் அம்மாவும் வருகிறாரா என்று கேட்டார்.

கேம்ப் வாசலில் நேபாளக் காவலாளி என்னை நிறுத்தினார்.

"கேட் பாஸ்?"

"பாஸ் இல்ல பாய். அஞ்சு நிமிஷம்தான்."

"கேட் பாஸ் மாஃபி, எண்ட்ரி மாஃபி." அது இல்லையென்றால் இதுவும் இல்லை.

பாஸ் வாங்க மூன்று வேலை நாள் ஆகும், எந்தப் படிவம், யார் கையெழுத்து என்று எனக்கு அட்சர சுத்தமாகத் தெரியும். வெயிலில் நின்றுகொண்டு, அந்த விதியை எழுதியவனை மனசுக்குள் திட்டினேன். என்னைப் போலவே ஒருவன் எங்கோ ஏசியில் உட்கார்ந்து எழுதியிருப்பான்.

எதிரே ஒரு கஃப்டீரியா இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் செல்வராசு வந்தார். ஒல்லியான மனிதர். கைவிரல்கள் வெளுத்துச் சுருக்கம் விழுந்திருந்தன. அவர் தனியாக வரவில்லை. பின்னாலேயே அறை முழுதும் வந்தது. ஒன்பது பேர், ஒன்பது கருத்து.

ஸ்வெட்டரை நீட்டினேன். அவர் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், உள்ளே தைத்திருந்த சீட்டைப் படித்தார்.

"நல்ல கம்பளி சார். இதைக் கொன்னுரணுமா?"

"கொன்னுருங்க."

"வீட்டம்மா திட்ட மாட்டாங்களா?"

"ஏற்கனவே திட்டிட்டாங்க."

அவர் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஸ்வெட்டருக்குக் கேட் பாஸ் தேவைப்படவில்லை.

மற்றவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சாரம் கட்டும் வேலை செய்யும் பட்டுக்கோட்டை முருகானந்தம் தொடங்கினார்: "சார், எங்களுக்கு ஒரே ஒரு சந்தேகம். செல்வராசு சொல்றது சரின்னே வச்சுக்குவோம். அந்த ஆளு எதுக்குக் கொல்லணும்?"

"பொம்பளை விசயம்" என்றார் ஒருவர்.

"அறுபது வயசுலயா?"

"உனக்கென்னடா தெரியும் அறுபது வயசப் பத்தி."

"சொத்து. அந்தக் கெழவன் வீட்டுல பழைய கடிகாரமா மாட்டி வச்சிருக்கான்ல."

"கடியாரத்துக்கு எவனாவது கொல்லுவானா? எங்க அண்ணனுக்கு நான் ரெண்டு வாங்கிட்டுப் போனேன். ஒண்ணு கூடக் கட்டல."

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைக்கார மலையாளி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, பாதிரியார்தான் என்று தன் வாக்கைப் பதிவு செய்தார். எனக்கு முடிவு தெரியும். சிரிப்பை அடக்க டீயில் மூக்கை விட்டுக்கொண்டேன். திங்கட்கிழமையை முக்கால் மணி நேரம் மறந்தே போனேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

செல்வராசு திரும்பி வந்தார். இரண்டு விரலால் ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்திருந்தார். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.

"ஒரே சலவை சார். அந்த ஆளு வாளியில முக்கியிருப்பாரு, அதான் கொஞ்சமாச் சுருங்குச்சு. நான் மிஷின்ல போட்டேன், கொஞ்சம் சாஸ்தியாயிருச்சு."

முருகானந்தம் விடவில்லை. "அது கெடக்கட்டும். எதுக்குக் கொன்னான், அதச் சொல்லு."

"அதான் சாருக்கு வாய்ஸ்லயே சொல்லிட்டேனே, கடைசியில." செல்வராசு என்னைப் பார்த்தார். "கேட்டீங்கள்ல சார்?"

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாக அதே கேள்வி. இந்த முறை பொய் சொல்லத் தெம்பில்லை. போனை எடுத்து மேசை நடுவில் வைத்து, விட்ட இடத்திலிருந்து ஓட விட்டேன். மீதமிருந்தது நாற்பது நொடி.

"...எதுக்குக் கொன்னாருன்னா, வரப்புத் தகராறு சார். மொத பாகத்துலயே காட்டுறாங்க, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல செடி வேலி, ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு மொறைச்சுக்கிறாங்க. கெழவரு வேலியைத் தள்ளி நட்டுருக்காரு. ஒரு முழம் எடம் போச்சுன்னா எவனுக்கும் தூக்கம் வராது. வேற எதுவும் இல்ல, வரப்புதான். எழுதி வச்சுக்கங்க சார்."

போன் மேல் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. பிறகு முருகானந்தம் தலையாட்டினார். "கரெக்ட்டு. வேலிதான். நான் அதை யோசிக்கலை பாரு."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கதைச்சுருக்கத்தில் கொலைக்குக் காரணம் முப்பது வருடம் பழைய ஒரு காதல் கடிதம். வேலி வெறும் வேலிதான். மைதிலி கதையைச் சொல்லியிருந்தால் கடிதத்தையும்தானே சொல்லியிருப்பார்? கொன்றவரும் சரி, ஸ்வெட்டரும் சரி, காரணம் மட்டும் முழுத் தப்பு. எங்கிருந்தோ கேட்டுத் தெரிந்துகொண்டவனுக்கு இப்படித் தப்பு வராது. தானே யோசித்தவனுக்குத்தான் வரும். அதுவும் போன புதன்கிழமையே, நேரம் பதிவாகி, என் போனிலேயே கிடக்கிறது.

"என்ன சார், தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார் செல்வராசு, கவலையோடு.

"ரொம்பச் சரியாச் சொல்லிட்டீங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல ஒப்பந்தம் அனுமதிக்காது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஏன் அவ்வளவு நேரம் குலுக்கினேன் என்று அவர் அறையில் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை. சான்றுப் பொருளை அசலாகக் காட்ட வேண்டும் என்பது விதி. எப்படிக் காட்ட வேண்டும் என்று கையேட்டில் இல்லை. சட்டைக்கு மேல் அந்த ஸ்வெட்டரை மூச்சைப் பிடித்து மாட்டிக்கொண்டேன். கை முழங்கையோடு நின்றது. அடிப்பகுதி தொப்புளுக்கு மேல் நின்றது. கார் நிறுத்தத்திலிருந்து கட்டடம் வரை ஜூலை வெயிலில் அந்தக் கோலத்தில் நடந்தேன். ஒரு எகிப்தியர் காரை நிறுத்தி, ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டார்.

விசாரணை அறையில் மல்ஹோத்ராவும் பணியாளர் பிரிவிலிருந்து இரண்டு பேரும் இருந்தார்கள். எதிரே மைதிலி. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் நான்கு நாளாக இருந்த இறுக்கம் உடைந்து, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இது என்ன?" என்றார் மல்ஹோத்ரா.

"ப்ரூஃப். ஒரே சலவை."

இரண்டு பாகத்துக் காட்சிகளையும் அருகருகே ஓட விட்டேன். ஆர்கன் வாசிப்பவரின் கை, முதலில் விரல்வரை. பிறகு மணிக்கட்டுக்கு மேலே. மல்ஹோத்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அச்சா" என்றார். அடுத்த கணமே சுதாரித்துக்கொண்டார். "சுருங்குவது உண்மை. ஆனால் இதையும் அவள் சொல்லியிருக்கலாமே?"

"கடைசி நாற்பது நொடியைக் கேளுங்கள்."

இங்கே ஒரு சிக்கல். மல்ஹோத்ராவுக்குத் தமிழ் தெரியாது. குற்றம் சாட்டியவரோ சாட்டப்பட்டவரோ மொழிபெயர்க்கக் கூடாது என்று கையேட்டில் எழுதி வைத்த மகான் நானே. பேன்ட்ரியில் டீ போடும் ராமநாதபுரத்து காசிம் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் தட்டோடு வந்து, நின்றபடியே முழுதும் கேட்டார்.

"சாப், வரப்புன்னா... கேத் கா பார்டர். பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுட்டான். அதுக்காகக் கொன்னுட்டான்."

மல்ஹோத்ரா கதைச்சுருக்கத்தைத் திறந்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடி, காதல் கடிதம் இருந்த இடத்தில் நிறுத்தினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைதிலி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரணம் தப்பு" என்றார் மல்ஹோத்ரா.

"முழுத் தப்பு" என்றேன், அவ்வளவு ஆனந்தமாக.

"இவளிடமிருந்து போயிருந்தால் சரியாக இருந்திருக்கும்." கதைச்சுருக்கத்தை மூடினார். பிறகு யோசனையோடு காசிம் பாயைப் பார்த்தார். "முப்பது வருடத்துக் காதல் கடிதத்துக்காக எவனாவது கொலை செய்வானா? எங்கள் கிராமத்திலும் கேத் கா பார்டர்தான். அந்த லாண்டரிக்காரன் சொல்வதுதான் பொருத்தமாக இருக்கிறது."

"ஆமா சாப்" என்றார் காசிம் பாய்.

கசிவு இல்லை என்று அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்வெட்டரைக் கழற்ற காசிம் பாயும் இன்னொருவரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அந்த வாரமே பதினேழாம் பக்கத்தைத் திருத்தினேன். சொந்த மாவட்டம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, என்ன வேலை என்று போட்டேன். கருத்துச் சொல்கிறவர் எந்த ஊர் என்று தெரிந்து உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நாள் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் என்று தெரிந்தால், அவர் சொல்வது என்னவென்று புரியும். செய்தியைக் கடைசி வரை கேட்பதைப் பற்றி நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது? மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

விசாரணையோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மைதிலி நினைக்கவில்லை. மறுநாள் மேசைக்கு வந்தார்.

"உங்க நாலு பக்கம் இன்னும் என் கோப்புல இருக்கு சார். நாளைக்குப் புது மேனேஜர் வந்து திறந்தா அதைத்தான் முதல்ல படிப்பாரு. நீங்க திரும்ப வாங்கிக்கிட்டதா எழுதிக் குடுக்கணும்."

உட்கார்ந்து எழுதினேன். சூழ்நிலைகள், கிடைத்த தகவல்களின் தன்மை, நல்லெண்ணம், நடைமுறையின் வரம்புகள். ஒன்றரைப் பக்கம். எனக்கே பெருமையாக இருந்தது. அவர் வாங்கி நின்றுகொண்டே படித்தார். பிறகு என் பேனாவை எடுத்து ஒவ்வொரு பத்தியாக அடித்தார்.

"திரையில ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாது சார். ஜனங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள படம் மாறிடும்."

புதிய தாளில் அவரே எழுதிக் கொடுத்தார்:

மைதிலி எதையும் கசியவிடவில்லை.
முழுதும் கேட்காமல் நான் எழுதினேன்.

நான் தாளில் விரலை வைத்தேன். "ரெண்டாவது வரியில 'நான்' அவசியமா? 'எழுதப்பட்டது'ன்னு போட்டா அலுவல் நடைக்குப் பொருத்தமா இருக்குமே."

"யாரு பேசுறாங்கன்னு தெரியணுமில்ல சார்" என்று பேனாவைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன்.